விசுவாசம் என்னும் சொல்



சென்னையிலிருந்து திருவள்ளூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் வேப்பம்பட்டு என்று ஒரு நிலையம் உண்டு. காலை வேளையில் அங்கே நின்று பார்த்தால், புத்தகப் பைகளைத் தோளில் மாட்டிய மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வண்டி ஏறுவதைக் காணலாம். அவர்களுள் பலர் கிறிஸ்தவ மதத்தைப் பற்றிப் பாடநூலில் இரண்டு மூன்று பக்கங்கள் படித்திருப்பர். அந்த மதம் எப்பொழுது தோன்றிற்று, அதன் கொள்கைகள் யாவை என்ற வினாக்களுக்குத் தேர்வில் தவறின்றி விடை எழுதவும் வல்லவர்கள். ஆயினும், ஒரு கொள்கையை அறிந்து ஒப்புக்கொள்வதும் அதனைப் பற்றிக்கொண்டு வாழ்வதும் ஒன்றுதானா என்று கேட்டால், விடை சொல்லச் சிறிது தயங்குவார்கள். அவர்கள் மட்டுமா? இந்த வினாவுக்காக ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் இரண்டுபட்டிருக்கின்றன. நம் தரங்கம்பாடிக் கோட்டையில் ஒரு பாதிரியார் நான்கு திங்கள் சிறையிருந்திருக்கிறார். அந்த வரலாற்றின் ஒரு துண்டு, வேப்பம்பட்டுக்கு வடகிழக்கே, பொன்னேரியையும் கடந்து கிடக்கும் பழவேற்காட்டில் நடந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1746-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் கோட்டையை இழந்தனர். நகரத்து மக்கள் திசைக்கொருவராகச் சிதறினர். அவ்வாறு வெளியேறியவர்களுள் ஜெர்மானியப் பாதிரியார் ஒருவரும் இருந்தார். யோவான் பிலிப்பு பெப்ரிசியஸ் என்பது அவர் பெயர். அப்பொழுது அவருக்கு வயது 35. தமக்குரிய சிறு சபையாருடன் அவர் சென்று தங்கிய இடம் பழவேற்காடு. அது ஒல்லாந்தர் ஊர். 1613-இல் அவர்கள் அங்கே எழுப்பிய கெல்டிரியா என்ற கோட்டை, சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு நெடுங்காலம் தலைமை இடமாக விளங்கிற்று. இன்று அக்கோட்டை மேடும் பள்ளமும் புதருமாகக் கிடக்கிறது. சித்திர வேலைப்பாடு அமைந்த கல்லறைகள் மட்டும் ஒல்லாந்தர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. கோட்டை அழிந்து கல்லறை நிலைப்பது வரலாற்றில் வழக்கந்தான்.

போர் முடிந்து, உடன்படிக்கையின்படி 1749-இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பெப்ரிசியஸும் திரும்பினார்; வேப்பேரியில் அவருக்கு ஒரு கோயிலும் வீடும் கிடைத்தன. பத்தாண்டு கழித்து, 1758-ஆம் ஆண்டின் இறுதியில், லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையை முற்றுகையிட்டபொழுது, வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. மறுபடியும் அவருக்கு அடைக்கலம் தந்தது பழவேற்காடுதான். இவ்வாறு இருமுறை வீடிழந்து ஓடிய அந்த மனிதர், தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்: விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்ப்பதும், பெயர்த்ததைத் திருத்துவதும், திருத்தியதை மீண்டும் திருத்துவதும். அந்த நூலில் அடிக்கடி வரும் சொற்களுள் ஒன்று விசுவாசம். இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டதும் அதுவே.

விசுவாசம் வடசொல். சுவாசம் என்பதன் வேரும் அதன் வேரும் ஒன்று. அச்சம் நீங்கி அமைதியாக மூச்சுவிடுதல் என்பதே அதன் பழம்பொருள். அந்த உணர்விலிருந்து, ஒருவரை ஐயமின்றி நம்பியிருத்தல் என்ற பொருள் பிறந்தது. தமிழ் வழக்கிலோ அதற்கு மற்றொரு நிறமும் ஏறியிருக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாத வேலையாளை விசுவாசமுள்ளவன் என்கிறோம். நன்றி மறவாத நாயையும் அப்படியே சொல்கிறோம். ஆக, இச்சொல்லில் கருத்தை ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருள் மிகச் சிறிய பங்கே. நாய் தன் எசமானைப் பற்றி என்ன கொள்கை வைத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை! கிறிஸ்தவர்கள் தங்கள் சமயத்தின் நடுநாடியான ஒன்றுக்கு இந்தச் சொல்லை வழங்கிக்கொண்டது பொருத்தமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டுகள் ஆகிய இரு சாராருக்கும் இது பொதுச்சொல்.

லுத்தரின் வழிவந்த இறையியல் பேராசிரியர்கள் விசுவாசத்தை மூன்று கூறாகப் பிரித்துப் பாடம் சொன்னார்கள். முதலாவது அறிதல், இரண்டாவது, அறிந்ததை மெய்யென ஒப்புதல், மூன்றாவது, ஒப்பியதன்மேல் தன்னையே சாய்த்துவிடுதல். பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிற்கும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். ஓடம் நீரில் மிதக்கும் என்பது அவனுக்குத் தெரியும். எதிரே மிதந்துகொண்டிருக்கும் இந்த ஓடம் உறுதியானது, ஓடக்காரர் கைதேர்ந்தவர் என்றும் அவன் மனமார ஒப்புக்கொள்கிறான். அவ்வளவும் சரி, ஆயினும் அவன் நிற்பது கரையில். காலைத் தூக்கி ஓடத்தில் வைக்கும் அந்த ஒரு கணத்தில், இதுவரை அவன் கருத்தாக இருந்தது அவன் உடம்பின் பாரத்தையே தாங்க வேண்டியதாகிறது. மூன்றாவது கூறு இதுதான். முதல் இரண்டும் இன்றி இது வாராது என்பதையும் அந்தப் பேராசிரியர்கள் மறவாமல் சொன்னார்கள். ஓடமா முதலையா என்று பாராமல் காலை வைப்பவனை யாரும் விசுவாசி என்று பாராட்டுவதில்லை.

விசுவாசம் உயிருள்ளது, வேலை செய்துகொண்டே இருப்பது, ஏவாமலே நன்மை புரிவது என்று லுத்தர் எழுதியிருந்தார். ஆனால் அவருக்குப் பின் வந்த நூறு ஆண்டுகளில் நிகழ்ந்தது வேறு. கத்தோலிக்கரோடும் கால்வின் மரபினரோடும் வாதாடி வாதாடி, லுத்தர் சபையார் தம் கொள்கைகளைக் கூர்மையாக வகுத்துக்கொண்டனர். எந்தச் சொல் சரி, எந்தச் சொல் பிழை என்பதில் பெரும் புலமை வளர்ந்தது. இதற்கிடையே 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர் ஜெர்மானிய நாடுகளைச் சூறையாடிற்று. போர் ஓய்ந்தபின் பார்த்தால், ஊர்தோறும் கோயில் இருந்தது, ஞானோபதேச வினாவிடை இருந்தது, அதனை மனப்பாடம் செய்த மக்களும் இருந்தனர். குடியும் கொடுமையும் குறையாமல் இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர் சொல்வார்கள். பிலிப்பு ஸ்பேனர் என்ற பாதிரியார் 1675-இல் ஒரு சிறு நூலெழுதி, ஏறக்குறைய இதனையே தம் சபையாருக்கு எடுத்துச் சொன்னார். கிறிஸ்தவம் அறிவில் நின்றுவிடுவதன்று. நடப்பில் தெரிய வேண்டுவது என்பது அவர் முறையீடு. அவரைப் பின்பற்றியவர்களை எதிரிகள் 'பயட்டிஸ்டுகள்', அதாவது பக்திக்காரர்கள், என்று ஏளனம் செய்தனர். ஏளனப் பெயரே பின்னர் இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

அவ்வியக்கத்தின் தலைவர்களுள் தலைசிறந்தவர் அவுகுஸ்து எர்மன் பிராங்கே. அவருடைய இளமை நிகழ்ச்சி ஒன்று நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1687-ஆம் ஆண்டில், 24 வயதில், அவர் லூனபுர்க் என்ற நகரத்தில் மாணவராகத் தங்கியிருந்தார். இறையியலில் நல்ல தேர்ச்சி. எபிரேயம், கிரேக்கம் முதலிய மொழிகளில் பயிற்சி. ஒரு கோயிலில் பிரசங்கம் செய்யுமாறு அவரை அழைத்தனர். யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில், இந்நூல் நீங்கள் விசுவாசிக்கும்பொருட்டே எழுதப்பட்டது என்ற கருத்தில் அமைந்த வசனம் ஒன்றுண்டு. அதை எடுத்துக்கொண்டு, உயிருள்ள விசுவாசத்துக்கும் வெறும் மனக்கற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதென்று திட்டமிட்டார். குறிப்பெழுத உட்கார்ந்தபொழுதுதான் இடி விழுந்தது. எந்த விசுவாசத்தைப் பற்றிப் பேசப்போகிறோமோ, அது தம்மிடம் இல்லை என்பதை அவர் கண்டார். அவரவர் சமயத்தார் அவரவர் நூலை மெய்யென்கிறார்களே, விவிலியந்தான் மெய்யென்று எனக்கு எப்படித் தெரியும் என்ற ஐயம் எழுந்தது. கடவுள் உண்டா என்ற வினாவே தலைதூக்கிற்று. பிரசங்கத்தை மறுத்துவிடலாமா என்று எண்ணினார். பல நாள் தவித்தபின், ஓர் இரவு முழங்காலில் நின்று, தாம் நம்பாத கடவுளையே நோக்கி வேண்டினார். எழுந்தபொழுது ஐயம் அகன்றிருந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். சில நாள் கழித்துப் பிரசங்கம் நடந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும்பொழுதெல்லாம் நான் வியப்பது அந்த இரவை எண்ணியன்று. அதற்கு முந்திய பகலை எண்ணியே. ஒன்றைக் கற்பிக்கப் புறப்பட்ட ஆசிரியர், அது தம்மிடம் இல்லையென்று தம்மிடமே ஒப்புக்கொண்டார். ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எத்துணைக் கடினம் என்பது தெரியும்.

அந்தப் பிராங்கே பின்னர் ஹாலே நகரில் பாதிரியாராகவும் பேராசிரியராகவும் அமர்ந்தார். 1695-இல் உண்டியலில் விழுந்த ஒரு சிறு தொகையை முதலாகக்கொண்டு ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினார். அது அனாதை இல்லமாக, மருந்துச் சாலையாக, அச்சகமாக, பல பள்ளிகளாகப் பெருகிற்று. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக்கு தம் தரங்கம்பாடிக் குடியேற்றத்துக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பியபொழுது, தெரிந்தெடுக்கப்பட்ட இருவரும் ஹாலேயில் பயின்றவர்கள்: பார்த்தலோமேயு சீகன்பால்கு, என்றிக் புளுட்சோ. 1706 ஜூலை 9-ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர்.

தரங்கம்பாடியில் டேனியர் 1620 முதற்கொண்டே இருந்தனர். அவர்களுக்குக் கோயில் உண்டு, குருமாரும் உண்டு. கொள்கையில் ஒரு பழுதும் சொல்ல இயலாத லுத்தர் சபைக் குருமார் அவர்கள். ஆயினும் 86 ஆண்டுகளில் கோட்டைச் சுவருக்கு அப்பாலிருந்த தமிழரோடு தமிழில் பேச வேண்டுமென்று அவர்கள் முயலவில்லை. சீகன்பால்கோ வந்த சில மாதங்களிலேயே, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இரு சாராரும் ஒரே அறிக்கையை ஒப்புக்கொண்டவர்களே என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஏட்டில் பார்த்தால் ஒரு வேற்றுமையும் இல்லை. மணலில்தான் வேற்றுமை தெரிந்தது.

கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கும் அவருக்கும் தொடக்கமுதல் ஒத்துவரவில்லை. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் சீகன்பால்கு பரிந்து பேசப்போக, பகை முற்றிற்று. 1708-ஆம் ஆண்டு நவம்பரில் அவரைச் சிறையிலிட்டனர். நான்கு திங்கள் அங்கே இருந்தார். ஒரு கிறிஸ்தவ அரசரின் ஆணை பெற்று வந்த கிறிஸ்தவக் குருவை, கிறிஸ்தவத் தளபதி ஒருவரே சிறைப்படுத்தியதை ஊரார் பார்த்துக்கொண்டிருந்தனர்.

ஊரார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவருடைய துணைவர் குருண்டலரும் தமிழ் அறிஞர் பலருக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய விடைக் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். தொண்ணூற்றொன்பது கடிதங்கள் அங்கே இரு தொகுதியாக அச்சாயின. தமிழர் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்க மறுக்கின்றனர் என்று கேட்டதற்கு வந்த விடைகளில், உங்கள் கொள்கையில் இன்ன குற்றம் என்று வாதித்தவர்களும் உண்டு. ஆனால் திரும்பத் திரும்ப வந்த விடை ஒன்று: இங்கே நாங்கள் காணும் கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், ஒழுக்கம் தவறுகிறார்கள், தூய்மை பேணுவதில்லை, உங்கள் நூல் நல்லதாகவே இருக்கலாம், உங்களவர் நடப்பு அப்படியில்லையே என்பது அதன் சாரம். ஸ்பேனர் தம் நாட்டாரைப் பார்த்துக் கேட்ட கேள்வியும், அவர் பெயரையே கேட்டறியாத சோழநாட்டுத் தமிழர் கேட்ட கேள்வியும் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். நம் நாட்டிலும் அது புதிய கேள்வியன்று. சாத்திரம் கற்றவனுக்கும் கனிந்தவனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசாத பக்தி நெறி தமிழில் எது?

இதே வேளையில் தரங்கம்பாடிச் செய்தி மற்றொரு திசையிலும் சென்றது. சீகன்பால்கின் கடிதங்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. 1712-ஆம் ஆண்டு வாக்கில் எப்வொர்த்து என்ற சிற்றூரில், ஒரு பாதிரியாரின் மனைவி சூசன்னா வெசுலி அவற்றைப் படித்து நெகிழ்ந்தார். அயல்நாட்டில் அவர்கள் செய்வதில் ஒரு சிறு பங்காவது என் வீட்டில் நான் செய்ய வேண்டாமா என்று எண்ணி, நாளுக்கொரு பிள்ளையாகத் தனியே அழைத்து உட்கார வைத்து ஆன்ம நலம் பற்றிப் பேசத் தொடங்கினார். வியாழக்கிழமை மாலை, சிறுவன் ஜான் என்பவனுடைய முறை. அந்த ஜான் வெசுலி வளர்ந்து, ஆக்சுபோர்டில் கற்று, குருப்பட்டமும் பெற்று, அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் பணிசெய்யச் சென்றார். அங்கே 1736-இல் மொரேவியச் சபைத் தலைவர் ஒருவர், இயேசுவை உமக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெசுலி. உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா என்பது அடுத்த கேள்வி. ஆமென்று வாய் சொல்லிற்று; அது வெறும் வாய்ச்சொல் என்று அஞ்சியதாக அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார். இரண்டாண்டுக்குப் பின், 1738 மே மாதத்தில், இலண்டனில் ஒரு கூட்டத்தில் லுத்தரின் முன்னுரை ஒன்று படிக்கப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் அந்த அச்சம் நீங்கிற்று என்பார்கள். மெதடிஸ்டுச் சபை அவரிடமிருந்து தோன்றியது. அந்த நெடுங்கதையின் ஓர் இழை தரங்கம்பாடிக் கடற்கரையில் முடியப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அறிவு தாழ்ந்தது, நெஞ்சுருக்கம் உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. வரலாறு அவ்வாறு முடிவு கட்ட இடந்தருவதில்லை. அதே ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் ஊல்ப் என்ற மெய்யியல் பேராசிரியர் இருந்தார். 1721-இல் அவர் ஆற்றிய உரையொன்றில், சீன நாட்டுக் கன்பூசியரின் அறநெறி, வேத வெளிப்பாடு இல்லாமலே மனித அறிவு நல்லொழுக்கத்தை எட்டக்கூடும் என்பதற்குச் சான்று என்றார். பக்தி இயக்கத்தார் கொதித்தெழுந்தனர். அரசர் காதில் ஓதினர். 1723 நவம்பரில், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிடில் தூக்கு என்று ஊல்புக்கு ஆணை பிறந்தது. தரங்கம்பாடியில் தம் மாணவரைச் சிறைசெய்தபொழுது வருந்தியவர்கள், தம் ஊரில் ஒரு பேராசிரியர் துரத்தப்பட்டபொழுது கடவுளுக்கு நன்றி கூறினர்!

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஊல்ப் கன்பூசியரிடம் கண்டதைச் சீகன்பால்கு அதற்கு முன்பே தமிழரிடம் கண்டிருந்தார். 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார். தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெருநூலே எழுதினார். இவற்றை ஹாலேயார் அச்சிடவில்லை. தெய்வங்களைப் பற்றிய நூல் 1867-இல் சென்னையில்தான் அச்சேறிற்று. தம் விசுவாசம் உயிருள்ளது என்று உறுதியாக இருந்தவர்களுக்கு, பிறரிடமும் உயிருள்ளது ஒன்று இருக்கலாம் என்று காண்பது அரிதாயிற்று. மேலும், பிராங்கேக்கு நேர்ந்தது போன்ற இரவு ஒவ்வொருவருக்கும் நேர வேண்டும், அதன் நாளும் வேளையும் சொல்ல வேண்டும் என்று பின்வந்தோர் சிலர் எதிர்பார்க்கத் தொடங்கினர். அப்பொழுது நெஞ்சின் அனுபவமும் ஒருவகை மனப்பாடமாயிற்று. வினாவிடையை ஒப்பிப்பதற்குப் பதிலாகக் கண்ணீரை ஒப்பித்தார்கள்.

ஊல்பை மீண்டும் ஹாலேக்கு வரவழைத்தது புதிய அரசரான இரண்டாம் பிரெடரிக்கு, ஆண்டு 1740. அதே ஆண்டில்தான் பெப்ரிசியஸ் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1711-இல் பிறந்த அவர் முதலில் சட்டம் பயின்றவர். பின் ஹாலேயில் இறையியல் கற்றவர். 1742-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து, பெஞ்சமின் சூல்ட்சே தொடங்கிவைத்திருந்த பணியை ஏற்றுக்கொண்டார். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715-இல் வெளிவந்திருந்தது; பழைய ஏற்பாட்டில் அவர் விட்டுச் சென்றதைச் சூல்ட்சே முடித்து 1727-க்குள் அச்சிட்டிருந்தார். இந்திய மொழிகளுள் முழு விவிலியமும் முதன்முதல் அச்சேறியது தமிழிலேதான். பின்னே பெப்ரிசியஸ் செய்ததென்ன? அந்த மொழிபெயர்ப்பு பொருளைச் சொல்லிற்று, தமிழாகச் சொல்லவில்லை. படித்தவர் நகைத்தனர், படியாதவர்க்கு விளங்கவில்லை.

பெப்ரிசியஸ் மூலத்தை ஒரு கையிலும் தமிழ் மக்களின் செவியை மறு கையிலும் வைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். எழுதியதைப் பலதரத்தாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவார், எங்கே தடங்கினார்கள், எங்கே தலையசைத்தார்கள் என்று கவனிப்பார், மீண்டும் எழுதுவார். முழங்காலில் நின்று மொழிபெயர்த்தவர் என்று அவரைப் பற்றி ஒரு சொல் வழங்குகிறது. அதுவே சிறப்பு என்று கருதுவோர் பலர். முழங்காலில் நின்றதோடு அகராதியும் தொகுத்தார் என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபொழுது கிடைத்த அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்து அவர் பொறுப்பில் அமைந்தது. அதில் 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடும், 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதியும் அச்சாயின. அவ்வகராதியை அடிப்படையாகக் கொண்டு விரிவாக்கிய பதிப்பு 1897-இல் தரங்கம்பாடியில் வெளிவந்து, இன்றும் ஆராய்ச்சியாளர் கையில் புழங்குகிறது. வினைச்சொல் ஒவ்வொன்றையும் ஆய்ந்த அந்தப் பொறுமையை அறிவு என்பதா, பக்தி என்பதா? ஹாலேயில் எதிரெதிராக நின்ற இரண்டும் வேப்பேரியில் ஒரே மேசைமேல் இருந்தன.

அவர் காலத்திலேயே, தெற்கே திருவிதாங்கூரில், ஏட்டு இறையியல் எதுவும் கல்லாத இல்லறத்தார் ஒருவர் இக்கேள்விக்குத் தம் உயிரால் விடை சொன்னார். நட்டாலத்து நீலகண்டபிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் பிள்ளை ஆனவர். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். பலவகைச் சித்திரவதைக்கு உள்ளாகி, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

சாதி என்றதும், மறைக்கக் கூடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தரங்கம்பாடியிலும் பின்னர் வேப்பேரியிலும் தஞ்சையிலும், கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் நிலைத்திருந்தது. ஒரே அறிக்கையை ஒரே குரலில் சொல்லிவிட்டு, அப்பத்தையும் பானத்தையும் வரிசை பிரித்து வாங்கினர். மாற்றம் மெல்ல வரட்டும் என்று முதல் தலைமுறைப் பாதிரிமார் பொறுத்தனர். அந்தப் பொறுமை நூறாண்டு நீண்டது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், இப்பிரிவினை உடனே ஒழிய வேண்டுமென்று கடிதம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் கோயிலைவிட்டே வெளியேறினர். அவர்கள் கொள்கையில் ஐயங்கொண்டவர்கள் அல்லர். ஞானோபதேசத்தில் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லக்கூடியவர்கள். பாட்டும் செபமும் நெஞ்சுருகச் செய்தவர்களும் அவர்களுள் உண்டு. தஞ்சைப் பெருங்கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே பழைய வழக்கத்துக்காக வாதாடியவர். அறிவிலும் இருந்தது, நெஞ்சிலும் இருந்தது. பக்கத்தில் உட்காரும் மனிதனிடம் வந்து நின்றுவிட்டது. யாக்கோபின் நிருபம் செயலற்ற விசுவாசத்தைச் செத்ததென்று சொல்வது இந்த இடத்தைத்தான் போலும்.

பெப்ரிசியஸ் இதைக் காண உயிரோடில்லை. அவருடைய முதுமை வேறு வகையில் துயரமானது. பலர் அவரை நம்பித் தங்கள் பணத்தை ஒப்படைத்திருந்தனர். சபைப் பணமும் அவர் கையில் இருந்தது. வட்டி வந்தால் பணிக்கு உதவுமென்று எண்ணி அவற்றைக் கடனாகக் கொடுத்தார். கேட்டவர் சொல்லை அப்படியே நம்பினார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. 1788-இல் கெரிக்கே என்பவர் பணியை ஏற்றுக்கொள்ள, எழுபதைக் கடந்த பெப்ரிசியஸ் கடன்காரர் வழக்கால் சிறை புகுந்தார். இலத்தீன் மொழியில் விசுவாசிப்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் ஒரே வினைச்சொல்தான் வழங்குகிறது. சொல்லாராய்ச்சியில் வல்லவரான அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆராய்ந்து ஒப்புதல் என்ற இரண்டாம் கூற்றை மொழிபெயர்ப்பில் ஒருநாளும் விடாதவர், பணத்தில் விட்டுவிட்டார். அவரால் பணம் இழந்தவர்களுள் ஏழைகளும் இருந்திருப்பர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

1791 ஜனவரியில் அவர் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சாகி, அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின்னரே நிறைவுற்றது. 1871-இல் பவர் என்பவர் தலைமையில் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் அவர் நடையை ஒட்டியே அமைந்தது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மலேயாவிலும் புரொட்டஸ்டண்டுக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் கேட்கும் வாசகங்களில், பழவேற்காட்டுக்கு இருமுறை ஓடியவரும் வேப்பேரியிலிருந்து சிறைக்குச் சென்றவருமான அந்த முதியவர் உரக்கப் படித்து, கேட்டோர் முகம் பார்த்துத் திருத்திய சொற்கள் பல இன்னும் இருக்கின்றன.